கிளட்டர் வீட்டுப் பையனின் பெயர் என்ன?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டியின் 'இன் கோல்ட் பிளட்' நாவலை நான்கு இரவுகளாகப் படித்து, ஞாயிறு விடியற்காலையில் முடித்தேன். காபி போட்டுக்கொண்டே மனைவி கதை கேட்டாள், சொன்னேன்.

1959 நவம்பர் 15. கான்சாஸ் மாநிலத்தில் ஹோல்கம்ப் என்ற சின்ன ஊர். அங்கே ஹெர்ப் கிளட்டர் என்ற பெரிய கோதுமை விவசாயியின் வீடு. அந்த வீட்டில் இரும்புப்பெட்டி இருக்கிறது, அதில் 10,000 டாலர் இருக்கிறது என்று சிறையில் ஒரு கைதி சொன்ன பேச்சை நம்பி, பரோலில் வெளிவந்த பெர்ரி ஸ்மித், டிக் ஹிக்காக் என்ற இரண்டு பேர் 400 மைலுக்கு மேல் கார் ஓட்டி வருகிறார்கள். இரும்புப்பெட்டி என்று ஒன்று அங்கே இருந்ததே இல்லை. நாற்பது ஐம்பது டாலர், ஒரு ரேடியோ, ஒரு பைனாகுலர், இவ்வளவுதான் கிடைத்தது. அதற்காக அப்பா, அம்மா, மகள், மகன் என்று நான்கு பேரையும் கட்டிப்போட்டுக் கொன்றுவிட்டுப் போனார்கள்.

அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் பையன் பேர் என்ன?" என்றாள்.

எனக்கு வரவில்லை. கொலைகாரன் பெர்ரி ஸ்மித் ஆஸ்பிரின் மாத்திரையை மென்று தின்பான் என்பது தெரியும். மோட்டார் சைக்கிள் விபத்தில் அவன் கால்கள் கெட்டுப்போனது தெரியும். அவன் கனவில் மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய பறவை வந்து அவனைக் காப்பாற்றும் என்பதுகூடத் தெரியும். அந்தப் பையன் பெயர் மட்டும் மனதில் இல்லை. எழுந்து போய்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத்தான் சொன்னேன். கென்யன். வயது 15.

அதிலிருந்து ஒரு வாரமாக இதே நினைப்பு. நான் கவனமில்லாமல் படித்தேனா? கபோட்டி அப்படி எழுதிவிட்டாரா? இல்லை, அமெரிக்கர்களின் இந்த 'உண்மைக் குற்ற' எழுத்தே இப்படித்தானா? இங்கே நிறைய படித்தவர்கள் இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

கயல்:

அண்ணா, இதற்குக் கபோட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதல் பாகத்தை நினைத்துப் பாருங்கள். கிளட்டர் குடும்பத்தின் கடைசி நாள் முழுவதையும் கொடுத்திருக்கிறார். காபி, சாராயம் எதையும் தொடாத ஹெர்ப், அன்று பிற்பகல்தான் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார். 16 வயது நான்சி, பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணுக்குச் செர்ரிப் பழ 'பை' (pie) என்ற பலகாரம் செய்யக் கற்றுக்கொடுக்கிறாள். மறுநாள் தேவாலயத்துக்குப் போட வேண்டிய உடையை எடுத்துவைத்துவிட்டுப் படுக்கிறாள். அவர்களை இப்படி உயிரோடு நம் கண் முன் நிறுத்திய வேறு குற்றப் புத்தகம் எத்தனை இருக்கிறது?

பெர்ரியைப் பற்றி நிறைய இருப்பதற்கும் காரணம் உண்டு. கிளட்டர் குடும்பம் பேச முடியாது. பெர்ரி பேசினான். 1960 மார்ச்சில் கார்டன் சிட்டியில் வழக்கு நடந்து தூக்கு என்று தீர்ப்பானதிலிருந்து, 1965 ஏப்ரல் 14 அன்று லேன்சிங் சிறையில் இருவரையும் தூக்கிலிடும்வரை ஐந்து வருடம் அவன் பேசினான், கடிதம் எழுதினான். அவனையும் ஒரு மனிதனாகக் காட்டியதால்தான், புத்தகத்தை மூடும்போது தூக்குத் தண்டனை சரியா என்ற கேள்வி நமக்கு வருகிறது. அந்தக் கேள்வியை எழுப்பியது சின்ன வேலை இல்லை.

பழைய புத்தகம்:

கயல் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மறுபாதிக்கு வருகிறேன்.

கபோட்டி இதை 'புனைவல்லாத நாவல்' என்றார். ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று அடித்துச் சொன்னார். நேர்காணலில் குறிப்பேடும் கிடையாது, டேப் ரெக்கார்டரும் கிடையாது. கேட்டதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் அப்படியே நினைவில் நிற்கும் என்பது அவர் வாதம். 1965 செப்டம்பர் கடைசியில் 'தி நியூயார்க்கர்' இதழில் நான்கு பகுதிகளாக வரத் தொடங்கியது. 1966 ஜனவரியில் புத்தகம். அதே ஆண்டு ஜூன் மாதமே 'எஸ்குயர்' இதழில் ஃபிலிப் டாம்ப்கின்ஸ் என்பவர், கான்சாஸுக்கே போய் ஆட்களை விசாரித்து ஒரு கட்டுரை எழுதிவிட்டார். அதில் ஒரு சின்ன விஷயம் எனக்கு மறக்கவே இல்லை. நான்சியின் குதிரையை, அந்தக் கிழட்டுக் குதிரையை, ஏலத்தில் மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு விவசாயி 75 டாலருக்கு ஏர் உழ வாங்கிப் போனதாகப் புத்தகத்தில் வருகிறது. படிக்கிறவனுக்கு நெஞ்சு அடைக்கும். டாம்ப்கின்ஸ் விசாரித்தபோது, அதை வாங்கியது அந்த ஊர்க்காரர் ஒருவர்தான், விலை 182 டாலர் 50 சென்ட் என்று தெரிந்தது.

குதிரை விலைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் கடைசிக் காட்சி? துப்பறியும் அதிகாரி ஆல்வின் டூயி கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறார். நான்சியின் தோழி அங்கே வருகிறாள். அவள் வளர்ந்து கல்லூரிக்குப் போய்விட்டாள். இரண்டு வார்த்தை பேசுகிறார்கள். பிறகு அவர் மரங்களைப் பார்த்து நடக்கிறார். புத்தகத்தின் அழகான பக்கங்கள் அவை. அப்படி ஒரு சந்திப்பு நடக்கவே இல்லை. தூக்குமேடையோடு முடிக்க அவருக்கு மனமில்லை, ஆறுதலாக ஒரு முடிவு தேவைப்பட்டது, எழுதிக்கொண்டார். கபோட்டியின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜெரால்ட் கிளார்க் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

நாவல் என்று சொல்லி எழுதியிருந்தால் எனக்கு ஒரு புகாரும் இல்லை. உண்மை என்று சொல்லிவிட்டு, செத்துப்போன பெண்ணின் கல்லறைப் பக்கத்தில் நடக்காத உரையாடலை வைத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தேவா 87:

இந்தக் காட்சி கற்பனை என்று இன்றைக்குத்தான் தெரியும். எனக்குப் பிடித்த பக்கமே அதுதான். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

டல்லஸ் குமார்:

நான் ஹோல்கம்ப் போயிருக்கிறேன். டல்லஸிலிருந்து ஏழெட்டு மணி நேரப் பயணம். கொலராடோவில் நண்பனைப் பார்க்கப் போகும் வழியில் திரும்பினோம். கொஞ்சம் எழுதுகிறேன்.

ஊர் தட்டையான பூமி. எந்தப் பக்கம் பார்த்தாலும் வானம்தான். தானியக் களஞ்சியக் கோபுரம் ஒன்று தொலைவிலிருந்தே தெரியும். காற்று மாட்டுப்பட்டி வாடையைக் கொண்டுவரும். கிளட்டர் வீடு தனியாருடையது, அங்கே போய் எட்டிப் பார்ப்பது முறையில்லை என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அவள் சொன்னதுதான் சரி. ஊருக்குள் ஒரு பூங்கா இருக்கிறது. அங்கே 2009-இல் அந்தக் குடும்பத்துக்கு ஒரு நினைவுக் கல் வைத்திருக்கிறார்கள். கொலை நடந்து ஐம்பது வருடம் கழித்து!

அந்தக் கல்லை நின்று படித்தேன். ஹெர்ப் விவசாயிகளுக்காகச் செய்த வேலை, அந்தக் குடும்பம் ஊரோடும் தேவாலயத்தோடும் எப்படி இருந்தது, பிள்ளைகள் என்ன செய்தார்கள், இதுதான் அதில் இருக்கிறது. நான் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டுப் போயிருந்தேன். என் தலைக்குள் இருந்ததெல்லாம் துப்பாக்கியும் கயிறும் மெத்தைப் பெட்டியும். அங்கே நின்றபோது வெட்கமாக இருந்தது.

அப்புறம் ஒன்று. 1967-இல் படம் எடுத்தார்களே, கறுப்பு வெள்ளையில், அதை அந்த வீட்டுக்குள்ளேயே எடுத்தார்கள். உண்மையில் கொலை நடந்த அதே அறைகளில். இதைப் பெருமையாகச் சொல்கிறவர்களை அங்கே சந்தித்தேன். எனக்கு அது பெருமையாகப் படவில்லை.

கயல்:

குமார் அண்ணா, நினைவுக் கல் பற்றி எழுதியதற்கு நன்றி.

பழைய புத்தகம் ஐயா, கல்லறைக் காட்சி விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் இது அமெரிக்க இலக்கியத்தின் பழைய வழக்கம் இல்லையா? நடந்த கொலையை எடுத்து நாவலாக்குவது கபோட்டிக்கு நூறு வருடம் முன்பே இருக்கிறதே.

பழைய புத்தகம்:

இருக்கிறது. எட்கர் ஆலன் போவிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

1841 ஜூலையில் நியூயார்க்கில் மேரி ராஜர்ஸ் என்ற பெண் காணாமல் போனாள். ஒரு புகையிலைக் கடையில் வேலை பார்த்தவள். ஹட்சன் ஆற்றில், ஹோபோக்கன் கரையோரம் பிணமாகக் கிடைத்தாள். பத்திரிகைகள் அவளுக்கு வைத்த பெயர் 'அழகிய சுருட்டுக்கடைப் பெண்'. போ அந்த வழக்கை எடுத்து, ஊரைப் பாரிஸாக மாற்றி, அவள் பெயரை மரீ ரோஜே என்று ஆக்கி, 1842 நவம்பரிலிருந்து மூன்று தவணையாகக் கதை எழுதினார். நிஜ வழக்கையே நான் அவிழ்த்துக் காட்டுகிறேன் என்பது அவருடைய சவால். நடுவில் என்ன ஆனது என்றால், ஹோபோக்கன் பக்கத்தில் விடுதி நடத்திய ஒரு பெண் மரணப் படுக்கையில் வேறு ஒரு கதை சொன்னதாகச் செய்தி வந்தது. மேரி ராஜர்ஸ் இறந்தது கருக்கலைப்பின்போது என்று. போவின் தீர்வு ஆட்டம் கண்டுவிட்டது. மூன்றாவது தவணை தள்ளிப்போய் 1843 பிப்ரவரியில் வந்தது. பிறகு 1845-இல் புத்தகமாக்கும்போது அங்கங்கே தொட்டுத் திருத்தி, தனக்கு முன்பே தெரியும் என்கிற மாதிரி செய்துகொண்டார். அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

அந்தக் கதையில் துப்பறிகிறவரின் மூளைதான் நாயகன். மேரி ராஜர்ஸ் ஒரு கணக்கு.

அடுத்தது தியோடர் டிரைசர். 1906 ஜூலை 11. நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் மலைப்பகுதியில் பிக் மூஸ் ஏரி. கார்ட்லாண்ட் ஊரின் பாவாடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த கிரேஸ் பிரவுன், வயது 20, கர்ப்பிணி. தொழிற்சாலை முதலாளியின் சகோதரர் மகனும் அவள் காதலனுமான செஸ்டர் ஜில்லெட் அவளைப் படகில் அழைத்துப் போனான். அவள் திரும்பவில்லை. விடுதியில் பொய்ப் பெயர் கொடுத்தபோது, பெட்டியில் பொறித்திருந்த எழுத்துகளோடு ஒத்துப்போகும்படி பார்த்துப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறான். 1908 மார்ச்சில் அவனை மின்சார நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

இந்த வழக்கில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கிரேஸ் அவனுக்கு எழுதிய கடிதங்கள் அவன் அறையில் கிடைத்தன. அரசு வழக்கறிஞர் அவற்றை நீதிமன்றத்தில் வாசித்தபோது இருந்தவர்கள் அழுதார்கள். வெளியே அதே கடிதங்களைச் சிறு புத்தகமாக அச்சிட்டு விற்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிரைசர் 1925-இல் 'ஆன் அமெரிக்கன் டிராஜெடி' எழுதியபோது அந்தக் கடிதங்களைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்து நாவலுக்குள் வைத்துவிட்டார். 800 பக்கத்துக்கு மேல் போகும் நாவலில் மொழி கனமாக, கரடுமுரடாக இருக்கும். டிரைசர் நல்ல வாக்கியம் எழுதத் தெரியாதவர் என்றே பலர் சொல்வார்கள். திடீரென்று அந்தக் கடிதங்கள் வரும். சாதாரணத் தொழிலாளிப் பெண்ணின் எளிமையான, பயந்த வரிகள். நாவலிலேயே உயிர் உள்ள பகுதி அதுதான், அதை டிரைசர் எழுதவில்லை.

வைகைக்கரை கேட்ட கேள்விக்கு என் பதில் இதற்குள் இருக்கிறது. இறந்தவரின் குரல் ஒரு துண்டு கிடைத்தால்கூட எழுத்தாளன் அதை வைத்துவிட வேண்டும். தன்னுடைய வாக்கியம் அதன் பக்கத்தில் மங்கிப்போனாலும் பரவாயில்லை.

நிலாமதி:

இதில் எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். 'அழகிய சுருட்டுக்கடைப் பெண்' என்பதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அத்தையை 1990-களில் நகைக்காகக் கொன்றார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. ஒரு பத்திரிகையில் வந்தது. தலைப்பில் 'அழகி' என்று போட்டிருந்தார்கள். அத்தைக்கு 43 வயது. அவர் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். என்னைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விடுவார். சுத்தமான கையெழுத்து. 'அழகி' என்று ஒரு நாளும் யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. அந்த இதழில் ஓவியமும் உண்டு. எங்கள் வீட்டுக்கே வராத ஓவியர் எங்கள் கூடத்தை வரைந்திருந்தார்.

அப்பா அந்த இதழைக் கிழிக்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை. அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டார். பல வருடம் கழித்து நான்தான் எடுத்துப் பார்த்தேன். கொன்றவனின் ஊர், அவன் கடன், அவன் காதல் எல்லாம் இரண்டு பக்கம். அத்தையைப் பற்றி நான்கு வரி, அதிலும் வயது தப்பு.

நான் குற்றப் புத்தகங்கள் நிறைய படிக்கிறேன். ஏன் படிக்கிறாய் என்று அம்மா கேட்பார். அத்தையைப் பற்றி யாராவது சரியாக எழுதியிருப்பார்களா என்று தேடித்தான் படிக்கிறேனோ என்று எனக்கே தோன்றும். அமெரிக்காவில் நடந்த யாரோ ஒரு பெண்ணின் கதையில்கூட, அவர் என்ன வேலை பார்த்தார், சம்பளத்தில் என்ன வாங்கினார் என்று ஒரு வரி இருந்தால் எனக்கு அது போதும். அந்த வரிக்காகத்தான் மீதியை எல்லாம் தாங்கிக்கொள்கிறேன்.

வைகைக்கரை:

நிலா அக்கா, படித்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதியதற்கு நன்றி. உங்கள் அத்தையின் சைக்கிள் இனி எங்களுக்கும் தெரியும்.

தேவா 87:

நான் இந்தப் பாட்காஸ்ட், வெப் சீரிஸ் வழியாக வந்த தலைமுறை. 2014 அக்டோபரில் 'சீரியல்' என்ற அமெரிக்கப் பாட்காஸ்ட் வந்தபோது வாரம் தவறாமல் கேட்டவன். பால்டிமோரில் 1999 ஜனவரியில் கொல்லப்பட்ட ஹே மின் லீ என்ற பள்ளி மாணவி, அவளைக் கொன்றதாகத் தண்டனை பெற்ற அட்னான் சையத். அவன் செய்தானா இல்லையா என்று நண்பர்களோடு விடிய விடிய வாதாடியிருக்கிறேன். வரைபடம் போட்டு, செல்போன் கோபுரம் எங்கே இருந்தது என்று பார்த்திருக்கிறேன்.

2022 செப்டம்பரில் தீர்ப்பை ரத்து செய்து அவரை விடுவித்தார்கள். அன்றைய விசாரணையில் காணொளி வழியாகப் பேசிய ஹே மின் லீயின் தம்பி, உங்களுக்கு இது பாட்காஸ்ட், எனக்கு இது நிஜ வாழ்க்கை என்ற பொருளில் சொன்னார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பிறகு அந்த ரத்தே முறைப்படி நடக்கவில்லை என்று 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய தீர்ப்பையே மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முக்கியமான காரணம், அந்தக் குடும்பத்துக்குப் போதுமான முன்னறிவிப்பு கொடுக்கவில்லை என்பது. அவ்வளவு உலகப் புகழ் பெற்ற வழக்கு. உலகத்துக்கே தெரிந்த விசாரணைக்கு, செத்த பெண்ணின் வீட்டாரை ஒழுங்காக அழைக்க நேரமில்லை.

ஒரு கேள்வி. அப்படியென்றால் நிஜத்தைத் தொடாமல், முழுக் கற்பனையில் எவ்வளவு இருட்டு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாமா? அதில் யாருக்கும் காயம் இல்லையே.

கயல்:

தேவா, முழுக் கற்பனை என்று ஒன்று இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். 1957-இல் விஸ்கான்சினில், பிளெயின்ஃபீல்ட் ஊரில் எட் கீன் என்ற கொலைகாரன் பிடிபட்டான். அங்கிருந்து சற்றுத் தொலைவிலேயே வாழ்ந்த ராபர்ட் பிளாக் 1959-இல் 'சைக்கோ' எழுதினார். அடுத்த வருடம் ஹிட்ச்காக் படமாக்கினார். அந்தப் படம் தெரியாத ஆள் இல்லை. கீனிடம் உயிரை விட்டது ஒரு ஹார்டுவேர் கடைக்காரப் பெண்மணியும் மதுக்கடை நடத்திய பெண்மணியும். அவர்களை எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் உங்கள் கேள்விக்கு நல்ல பதிலும் ஒன்று இருக்கிறது. டோனி மாரிசன்.

1856 ஜனவரி. மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண் கென்டக்கியிலிருந்து, உறைந்து கிடந்த ஒஹையோ ஆற்றைக் குடும்பத்தோடு நடந்தே கடந்து சின்சினாட்டிக்குத் தப்பி வந்தார். பிடிக்க ஆட்கள் வீட்டைச் சூழ்ந்தார்கள். மீண்டும் அடிமையாகப் போவதைவிடச் சாவது மேல் என்று, இரண்டு வயது மகளைத் தன் கையாலேயே கொன்றார். அன்றைய சட்டத்தின் முன்னால் வந்த கேள்வி என்ன தெரியுமா? இவர் மீது கொலை வழக்குப் போடுவதா, ஓடிப்போன சொத்து என்று உரிமையாளரிடம் ஒப்படைப்பதா என்பது. கொலை என்றால் அந்தக் குழந்தை ஒரு மனித உயிர் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். சொத்து என்றுதான் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் காய்ச்சலில் இறந்தார்.

மாரிசன் ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் ஆசிரியராக இருந்தவர். 1974-இல் வந்த ஒரு தொகுப்பு நூலுக்கு வேலை செய்தபோது இந்த வழக்கின் பத்திரிகைத் துண்டைப் பார்த்தார். பிறகு மார்கரெட்டைப் பற்றித் துருவித் துருவி ஆராயவில்லை, வேண்டுமென்றே. பெயரை மாற்றினார், வாழ்க்கையை மாற்றினார். 1987-இல் 'பிலவட்' வந்தது. அதில் மையம் யார்? செத்த குழந்தை. அந்தக் குழந்தை திரும்பி வந்து வாசலில் உட்காருகிறது, சாப்பாடு கேட்கிறது, தாயைக் கேள்வி கேட்கிறது. கொன்றவளையும் கொல்லப்பட்டவளையும் ஒரே வீட்டில் வைத்துப் பார்க்கிற தைரியம் அது.

இதைவிட இருட்டான நாவலை நான் படித்ததில்லை. ஆனால் யாரையோ வேடிக்கை பார்த்தோம் என்ற குற்ற உணர்வு எனக்கு அதில் வரவில்லை.

பழைய புத்தகம்:

கயல், இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மாரிசன் மாற்றி எழுதினார், மாற்றினேன் என்றும் சொன்னார். நேர்மை அதில் இருக்கிறது.

ராத்திரி ரயில்:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். யாரும் தொடாத ஒரு பக்கம் இருக்கிறது.

கபோட்டியிலிருந்து இன்றைய சீரிஸ் வரை எல்லாவற்றிலும் ஒரு விசித்திரமான தனி ஆள் வருவான். அவன் மனம் ஏன் இப்படி ஆனது என்று தோண்டுவார்கள். அவனை நாம் மறக்க முடியாமல் போவது அதனால்தான். ஆனால் அமெரிக்காவின் கொடூரமான கொலைகள் பலவற்றில் அப்படித் தனி ஆளே கிடையாது.

டேவிட் கிரான் 2017-இல் எழுதிய 'கில்லர்ஸ் ஆஃப் தி ஃபிளவர் மூன்' படித்திருக்கிறீர்களா? ஓக்லஹோமாவில் ஓசேஜ் பழங்குடியினர். பாறை நிலம் என்று ஒதுக்கிவைத்த இடத்தின் அடியில் எண்ணெய் இருந்தது. 1920-களில் அந்த மக்கள் பெரும் பணக்காரர்கள் ஆனார்கள். எண்ணெய் வருமானத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கை விற்க முடியாது, வாரிசாக மட்டுமே பெற முடியும். கல்யாணம் செய்து, பிறகு ஆளைத் தீர்த்தால் பங்கு கைக்கு வரும். இதுதான் கொலைக்கான காரணம், வேறு மர்மமே இல்லை. சொந்தப் பணத்தைச் செலவு செய்யவே பல ஓசேஜ் மக்கள் வெள்ளைக்காரக் 'காப்பாளர்' ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று சட்டமே இருந்தது.

மாலி பர்க்கார்ட் என்ற பெண். அவர் அக்கா ஆனா பிரவுனை 1921 மே மாதம் தலையில் சுட்டுப் பள்ளத்தில் போட்டார்கள். சில வாரங்களில் தாய் இறந்தார். 1923 மார்ச்சில் தங்கை ரீட்டாவின் வீட்டை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மாலிக்கும் உடம்பு கெட்டுக்கொண்டே வந்தது. பின்னால் நின்றவர் ஓசேஜ் மக்களின் நண்பன் என்று பெயர் எடுத்த வில்லியம் ஹேல். அவர் யார்? மாலியின் கணவன் எர்னஸ்டின் தாய்மாமன். கணவனுக்கும் எல்லாம் தெரியும், அவனும் கூட்டு. ஹேலுக்கு 1929-இல் ஆயுள் தண்டனை, 1947-இல் பரோலில் வெளியே வந்துவிட்டார்.

அதிகாரபூர்வக் கணக்கு 24 சாவு. ஹேலைப் பிடித்ததோடு வழக்கை மூடிவிட்டார்கள். கிரான் கடைசிப் பகுதியில் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். காப்பாளர்களின் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் இறந்துபோன ஓசேஜ் மக்கள். ஹேலுக்குச் சம்பந்தமே இல்லாத சாவுகள். மருத்துவர், வழக்கறிஞர், வங்கிக்காரர், பிணப்பெட்டி செய்கிறவர், எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் அதில் சம்பாதித்தார்கள்.

அந்தப் புத்தகத்தில் எனக்கு நினைவில் நிற்பது ஹேல் இல்லை, மாலி. ஒரு கூட்டம் சேர்ந்து செய்த கொலையில் 'ஆழமான மனம் கொண்ட கொலைகாரன்' யாரும் இல்லை. பேராசை மட்டும்தான் இருக்கிறது, அதைப் பற்றி இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதவும் முடியாது. அதனால் மீதி இடம் இறந்தவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது. வைகைக்கரை, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். குறை உங்களுடையது இல்லை. தனி ஆளின் மனத்தைத் தேடிப் போகிற எழுத்து, அந்த மனத்துக்குத்தான் இடம் கொடுக்கும்.

டல்லஸ் குமார்:

ஓக்லஹோமா இங்கிருந்து பக்கம். பாஹஸ்கா ஊரில் ஓசேஜ் அருங்காட்சியகம் இருக்கிறது, இன்னும் போனதில்லை. பிள்ளைகளுக்கு விடுமுறை வந்ததும் அழைத்துப் போகிறேன். போவதற்கு முன் மாலியைப் பற்றி வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நிலாமதி:

ராத்திரி ரயில், நீங்கள் சொன்னது எனக்கு நிறைய விளங்க வைத்தது. அத்தை வழக்கிலும் நகையை வாங்கிய கடைக்காரர் ஒருவர் இருந்தார். யாரும் அவரைப் பற்றி எழுதவில்லை.

கயலுக்கு ஒரு வார்த்தை. பெர்ரி ஸ்மித்தை மனிதனாகக் காட்டியதை நான் வெறுக்கவில்லை. தூக்கிலிட்டதால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். நான் கேட்பது இடம்தான். இறந்தவருக்கும் கொஞ்சம் இடம்.

கயல்:

அக்கா, சரி. ஒப்புக்கொள்கிறேன்.

கபோட்டியைப் பற்றி இன்னொன்றும் இருக்கிறது, முதலில் எழுதாமல் விட்டுவிட்டேன். அந்த இருவரும் சாகும்வரை அவரால் புத்தகத்தை முடிக்க முடியவில்லை. ஒவ்வொரு முறை மேல்முறையீட்டில் தேதி தள்ளிப்போகும்போதும் தவித்தார். தன்னை நண்பன் என்று நம்பியவனின் தூக்குக்காகக் காத்திருந்தார், தூக்கிலிட்டபோது அங்கே இருந்தார். பிறகு 1966 நவம்பர் 28 அன்று நியூயார்க் பிளாசா ஹோட்டலில், 540 பேரை அழைத்துக் கறுப்பு வெள்ளை நடன விருந்து கொடுத்தார். 1984-இல் இறக்கும்வரை இன்னொரு முழு நாவலை அவர் முடிக்கவில்லை. கூடவே கான்சாஸ் போய், ஊர்க்காரர்களிடம் கதவைத் திறக்க வைத்த எழுத்தாளர் ஹார்ப்பர் லீக்குப் புத்தகத்தின் சமர்ப்பணத்தில் ஒரு வரியோடு சரி.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் அந்த முதல் பாகத்தை நான் இன்னும் நேசிக்கிறேன்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. கயல் சொன்னதற்காக நேற்று இரவு முதல் பாகத்தை மட்டும் மறுபடி எடுத்தேன். இந்த முறை பெர்ரியும் டிக்கும் வரும் பக்கங்களைத் தள்ளிவிட்டு, வீட்டாரை மட்டும் படித்தேன். மனைவிக்கு வாசித்துக் காட்டிக்கொண்டே போனேன்.

நான்சியின் தங்கக் கைக்கடிகாரம் ஷூவுக்குள் நுனியில் சொருகியிருந்ததைப் பிறகு கண்டுபிடிக்கிறார்கள். வீட்டுக்குள் ஆள் வந்த சத்தம் கேட்டு, திருடர்கள் என்று நினைத்து ஒளித்திருக்கிறாள். கடிகாரத்தைத்தான் எடுத்துப் போவார்கள் என்று நினைத்திருக்கிறாள். முதல் முறை இதை எப்படித் தாண்டிப் போனேன் என்று தெரியவில்லை. ஒருவேளை அடுத்த பக்கத்தில் பெர்ரி என்ன செய்கிறான் என்று ஓடியிருப்பேன்.

கென்யனுக்குக் கண்ணாடி இல்லாமல் கண் தெரியாது. மரவேலையில் கெட்டிக்காரன். கல்யாணம் நிச்சயமாகியிருந்த, வெளியூரில் இருந்த இன்னொரு அக்கா பெவர்லிக்குச் சீராக மஹாகனி மரத்தில் ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தான், உள்ளே தேவதாரு பலகை அடித்து. கடைசி நாள் பிற்பகல் கீழ்த்தளத்தில் அதற்குக் கடைசிப் பூச்சு வார்னிஷ் அடிக்கிறான்.

இதை வாசித்ததும் மனைவி, "பெட்டி காய்ந்ததா?" என்று கேட்டாள்.

புத்தகத்தில் அது இல்லை. கிறிஸ்துமஸ் வாரத்துக்கு வைத்திருந்த அந்தக் கல்யாணத்தை, சொந்தக்காரர்கள் எல்லோரும் சாவுக்காக ஊரில் கூடியிருந்ததால், அடக்கம் முடிந்த சில நாளிலேயே நடத்திவிட்டார்கள் என்பது மட்டும் இருக்கிறது.